லிலி எல்பெயின் வாழ்வும் திரைப்படம் காட்டிய சாவும்

வரலாற்று மாந்தரைத் திரைக்குக் கொணரும்போது சில மாற்றங்கள் தவிர்க்கவியலாதவை என்பது யாவரும் ஒப்பும் செய்தி. ஐம்பது ஆண்டு வாழ்வை இரண்டு மணி நேரத்தில் அடக்க வேண்டியவர்கள் சிலவற்றைச் சுருக்குவர்; சிலவற்றை விடுவர்; சிலவற்றைப் புனைவர். ஆயின் எதைச் சுருக்கினர், எதை விட்டனர், எதைப் புனைந்தனர் என்று நோக்கும்போது அப்படைப்பின் உள்ளக்கிடக்கை புலப்பட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்த திருநங்கையரைப் பற்றிய திரைப்படங்களை இவ்வகையில் நோக்குவது பயன் தருவது. அவர்களுள் மிகுதியும் அறியப்பட்டவர் லிலி எல்பெ. அவரை உலகறியச் செய்தது 2015-இல் வெளிவந்த 'த டேனிஷ் கேர்ள்' என்னும் ஆங்கிலப் படம். டாம் ஹூப்பர் இயக்கிய அப்படத்தில் லிலியாக எடி ரெட்மெய்னும் அவர் மனைவி கெர்டாவாக அலீசியா விகாண்டரும் நடித்தனர். விகாண்டருக்குச் சிறந்த துணைநடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. மனைவியின் துயரைக் காட்டியவருக்கு விருது போய்ச் சேர்ந்தது தற்செயலன்று என்பது படத்தைக் கூர்ந்து பார்ப்போர்க்கு விளங்கும்.

முதலில் வாழ்வு. டென்மார்க்கின் வெய்லெ என்னும் சிற்றூரில் 1882 டிசம்பர் 28-இல் பிறந்த குழந்தைக்கு எயினர் வெகனர் என்று பெயரிட்டனர். கோப்பன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற எயினர், உடன் பயின்ற கெர்டா கோட்லீப்பை 1904-இல் மணந்தார். எயினர் இயற்கைக் காட்சிகளை வரைந்தார். கெர்டா பெண்களை வரைந்தார். ஒருநாள் கெர்டாவின் ஓவியத்துக்கு அமர வேண்டிய நடிகை அன்னா லார்சன் வரத் தாமதமாகவே, அவருக்குப் பதிலாக எயினர் பெண்ணுடை பூண்டு அமர்ந்தார். அந்த அமர்வில் தோன்றிய பெண்ணுக்கு லிலி என்ற பெயர் வந்தது. அதன்பின் கெர்டாவின் ஓவியங்களில் வாதுமைக் கண்களும் மெல்லிய கழுத்தும் கொண்ட ஒரு பெண் மீண்டும் மீண்டும் வரலானார். பாரிசின் இதழ்களும் கண்காட்சிகளும் விரும்பிய அப்பெண் யார் என்பது நெடுநாள் பலருக்குத் தெரியாது.

1912-இல் இருவரும் பாரிசில் குடியேறினர். அங்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தனர். லிலி அங்கு விருந்துகளுக்கும் விழாக்களுக்கும் சென்றார். நண்பர்கள் சிலர் அவரை எயினரின் உறவினர் என்றே எண்ணியிருந்தனர். இருபது ஆண்டு என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் திரைப்படம் இதைத்தான் முதலில் அழித்தது.

படத்தின் கதை 1926-இல் கோப்பன்ஹேகனில் தொடங்குகிறது. ஓவியத்துக்கு அமர வேண்டிய தோழி வரத் தாமதமாக, எயினர் காலுறை அணிகிறார். பட்டுத்துணி தோலில் படுகிறது. உள்ளே உறங்கியிருந்தது விழிக்கிறது. பிறகு ஒரு விருந்து, ஒரு முத்தம், மனைவியின் அதிர்ச்சி, மருத்துவர்களின் அலைக்கழிப்பு, பாரிசுப் பயணம், அறுவை, சாவு என்று எல்லாம் நான்கைந்து ஆண்டுகளுக்குள் விரைந்து நிகழ்ந்து முடிகின்றன. இவ்வேகத்தால் பார்ப்போர் உள்ளத்தில் ஒரு கருத்து படிந்துவிடுகிறது. திடீரென வந்து பற்றிய ஒன்று, நன்றாக இருந்த ஓர் இல்லறத்தைக் குலைத்து, ஓர் உயிரையும் கொண்டுபோயிற்று என்பதே அக்கருத்து. உண்மையில் லிலி அறுவை மருத்துவரைத் தேடிச் சென்றபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. இளமை முழுவதும் இரு பெயர்களோடு வாழ்ந்து பார்த்து, இனி ஒன்றோடுதான் வாழ முடியும் என்று தெளிந்தபின் எடுத்த முடிவு அது. நெடுநாள் வாழ்ந்த ஒரு வாழ்வைத் திரைப்படம் திடீர் நோய்போல ஆக்கிவிட்டது.

கெர்டாவையும் படம் ஏறத்தாழ இவ்வாறே சுருக்கிற்று. திரையில் அவர் கணவனை இழந்துகொண்டே அவனைத் தாங்கும் பொறுமைசால் மனைவி. ஹான்ஸ் என்னும் பால்யநண்பர் ஒருவரைப் படைத்து, அவரைக் கெர்டாவுக்கு ஆறுதலாகவும் வைத்தனர். அப்பாத்திரம் முழுதும் புனைவு. உண்மைக் கெர்டா அவ்வளவு எளியவரல்லர். பெண்கள் பெண்களைக் காமுறும் காட்சிகளைத் துணிந்து வரைந்தவர். அக்காலத்துப் பாரிசின் இன்ப இதழ்களுக்கும் நூல்களுக்கும் ஓவியம் தந்தவர். லிலியைத் தம் கலையின் நடுப்பொருளாக்கி அதனாலேயே புகழ்பெற்றவர். லிலியைத் தோற்றுவித்ததில் கெர்டாவின் தூரிகைக்கும் பங்குண்டு என்பதை உணர்ந்தால், அவரை 'கைவிடப்பட்ட மனைவி' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க இயலாது. டென்மார்க்கின் ஆர்க்கென் அருங்காட்சியகம் 2015-இல் கெர்டாவின் ஓவியங்களைத் திரட்டிப் பெரியதொரு கண்காட்சி நடத்திற்று. படத்தில் கண்ட கெர்டாவைத் தேடி அங்குச் சென்றோர் வேறொரு கெர்டாவைக் கண்டிருப்பர்.

மூன்று திரைகள்

பிழை முழுவதையும் இயக்குநர்மேல் சுமத்துவதும் முறையன்று. படம் நேரே வாழ்விலிருந்து எடுக்கப்படவில்லை. டேவிட் எபர்ஷாஃப் 2000-இல் எழுதிய புதினத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்புதினத்தில் கெர்டா டேனியப் பெண்ணே அல்லர். கலிபோர்னியாவிலிருந்து வந்த கிரெட்டா என்னும் அமெரிக்கப் பெண். புதினத்துக்கு முன்னால் நிற்பது 1931 டிசம்பரில் டேனிய மொழியில் வெளிவந்து, 1932-இல் செருமானியத்திலும் 1933-இல் 'மேன் இன்ட்டு வுமன்' என ஆங்கிலத்திலும் வந்த நூல். இது லிலியின் தன்வரலாறு என்று பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் நூலைத் தொகுத்து வடிவமைத்தவர் நீல்ஸ் ஹோயர் என்ற புனைபெயரில் எழுதிய எர்ன்ஸ்ட் ஹார்தெர்ன் என்னும் இதழாளர். லிலியின் கடிதங்கள், குறிப்புகள், வாய்மொழி ஆகியவற்றை இணைத்து அவர் நூலாக்கினார், பெயர்களையும் மாற்றினார். எயினர் அதில் அந்திரேயாஸ் ஸ்பாரெ. கெர்டா அதில் கிரெட்டெ. நூல் வெளிவருமுன் லிலி மறைந்துவிட்டார். ஆக, திரையில் காணும் லிலி மூன்று திரைகளுக்கு அப்பால் நிற்பவர்.

இந்நூலில் இன்னொரு நுட்பமும் உண்டு. கதைமாந்தரை 'அவன்' என்பதா, 'அவள்' என்பதா என்று எங்கும் ஓர் இழுபறி. ஐரோப்பிய மொழிகளில் ஒவ்வொரு வாக்கியமும் இவ்வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். தமிழ் கற்றோர்க்கு இங்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனக்கென ஓர் ஈறு இல்லை என்பதையும், அது உயர்திணைப் பாலீற்றைக் கொண்டே முடியும் என்பதையும் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே அந்நூல் கூறிவிடுகிறது. தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் அதே நூற்பாவில் சேர்த்து வைத்தது சிந்திக்கத்தக்கது. பாலீறு எதுவாயினும் திணை உயர்திணையே என்பதில் அவ்வாசிரியருக்கு ஐயம் இருக்கவில்லை. இன்றைய தமிழின் 'அவர்' என்னும் சொல்லோ ஹார்தெர்ன் பட்ட இடர் எதையும் தமிழில் எழுதுவோர்க்குத் தருவதில்லை.

பெர்லின் நிலையமும் டிரெஸ்டன் மருத்துவமனையும்

லிலி 1930-இல் சென்றது பெர்லினுக்கு. அங்கு மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் மருத்துவர் அவரை ஆய்ந்தார்; முதல் அறுவை அந்நகரிலேயே நடந்தது. பிறகு டிரெஸ்டன் நகர மகளிர் மருத்துவமனையில் குர்ட் வார்னெக்ரோஸ் மேலும் மூன்று அறுவைகளைச் செய்தார். படத்தில் ஹிர்ஷ்ஃபெல்ட் இல்லை, பெர்லின் இல்லை, நான்கு அறுவைகள் இரண்டாயின. எண்ணிக்கையைக் குறைத்தது பெருங்குற்றமன்று. ஹிர்ஷ்ஃபெல்டை நீக்கியதே பெரிய இழப்பு. அதனால் லிலி உலகில் தன்னந்தனியே, முன்னோடியோ தோழியரோ இன்றி, ஒரே ஒரு நல்ல மருத்துவரால் கண்டெடுக்கப்பட்டவர்போல ஆகிவிட்டார். உண்மையில் அவர் சென்றது ஆளில்லாக் காட்டுக்கன்று.

ஹிர்ஷ்ஃபெல்ட் 1868-இல் பிறந்த யூதர். ஒருபால் காதலைத் தண்டித்த செருமானியச் சட்டத்தின் 175-ஆம் பிரிவை எதிர்த்து 1897 முதல் போராடியவர். ஒருபால் காதல் வேறு, எதிர்ப்பாலின் உடையையும் வாழ்வையும் நாடும் இயல்பு வேறு என்று பிரித்துக் காட்டி 1910-இல் தனி நூலே எழுதினார். முதல் உலகப்போருக்கு முன்பிருந்தே, பெண்ணுடையில் நடமாடுவோரைக் காவலர் துன்புறுத்தாதிருக்கப் பெர்லின் காவல்துறை சான்றிதழ் வழங்கியதற்கு அவர் தந்த மருத்துவ அறிக்கைகளும் காரணம். 1919 ஜூலையில் அவர் நிறுவிய பாலியல் ஆய்வு நிலையத்தில் மருத்துவம், நூலகம், அருங்காட்சியகம், அறிவுரை யாவும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. வேறெங்கும் வேலை கிடைக்காத திருநங்கையர் சிலருக்கு அந்நிலையத்திலேயே வீட்டுப்பணி தந்தார். அத்தகையோருள் ஒருவர் டோரா ரிக்டர். போகீமியாவின் மலைப்பகுதியில் 1892-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1922-இல் முதல் அறுவையும் 1931-இல் அடுத்த அறுவைகளும் செய்துகொண்டவர். முழுமையான பால்மாற்று அறுவை பெற்றவராக ஆவணம் கூறும் முதற்பெண் அவரே. ஓவியர் அல்லர், பாரிசு விருந்துகளைக் கண்டவர் அல்லர், பணிப்பெண். அவரை நாயகியாக்கி ஆலிவுட் இன்றுவரை ஒரு பெரும்படம் எடுக்கவில்லை.

ஹிர்ஷ்ஃபெல்டுக்குத் திரைப்படத்தின் ஆற்றல் நன்கு தெரிந்திருந்தது. 1919-இல் ரிஷார்ட் ஓஸ்வால்ட் இயக்கிய 'ஆண்டர்ஸ் ஆல்ஸ் டீ ஆண்டர்ன்' படத்துக்கு அவர் துணைநின்றதோடு, மருத்துவராகத் தாமே அதில் தோன்றினார். 'மற்றவரினின்றும் வேறானவர்' என்பது தலைப்பின் பொருள். ஒருபால் காதலுக்காக மிரட்டிப் பணம் பறிக்கப்படும் வயலின் கலைஞராகக் கொன்ராட் பைட் நடித்தார். கலைஞர் இறுதியில் நஞ்சுண்டு சாகிறார். திருநங்கையர் கதையன்று இது. எனினும் 'வேறானவர்' திரையில் வாழ வேண்டுமெனின் முடிவில் சாக வேண்டும் என்ற வழக்கு நல்லெண்ணம் கொண்டவர் கையாலேயே தொடங்கிற்று என்பதற்கு இது சான்று. 1920-இல் மீண்டுவந்த தணிக்கை அதைப் பொதுமக்களுக்குக் காட்டத் தடை விதித்தது. பின்னாளில் படிகள் அழிந்தன. 1927-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் வேறொரு படத்துள் அதன் பகுதிகளைச் சேர்த்து வைத்ததால் இன்று ஒரு துண்டேனும் எஞ்சியிருக்கிறது.

அப்படத்தில் மிரட்டுபவனாக நடித்தவர் ரைன்ஹோல்ட் ஷூன்செல். இவரே 1933-இல் 'விக்டர் உண்ட் விக்டோரியா' என்ற இசை நகைச்சுவைப் படத்தை இயக்கினார். ஆணாக நடித்து, அவ்வாண் பெண்ணாக வேடமிடுவதாக மேடையில் பாடிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கதை அது. பார்ப்போரைச் சிரிக்க வைத்து, முடிவில் ஒவ்வொருவரையும் உரிய உடையில் சேர்த்துவிடும். உடைமாற்றம் வேடிக்கையாக இருக்கும்வரை எந்த ஆட்சிக்கும் இடரில்லை போலும். நாசிகள் ஆட்சிக்கு வந்தபின், அவ்வாண்டு டிசம்பரில்தான் படம் திரைக்கு வந்தது.

அதே 1933-இல் ஆஸ்திரியாவில் வெளிவந்த 'மிஸ்டேரியும் டெஸ் கெஷ்லெஷ்டெஸ்' என்னும் படம் இவ்வரலாற்றில் உரிய இடம் பெறாதது. பாலியல் அறிவூட்டும் படம் என்ற பெயரில் வந்த அதில் டோரா ரிக்டர், ஓவியர் டோனி எபெல், சார்லட் சார்லாக் ஆகிய மூன்று திருநங்கையர் தாமாகவே தோன்றினர். மருத்துவப் பொருளாக அவர்களைக் காட்டும் நோக்கே அப்படத்தில் மேலோங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. உடல் காட்டப்படுகிறது, உள்ளம் கேட்கப்படுவதில்லை. ஆயினும் பிற்கால நடிகர் எவரும் தர இயலாத ஒன்று அதில் உண்டு. அக்காலத்தில் வாழ்ந்த பெண்கள் தம் சொந்த முகத்தோடு ஒளிக்கருவியின் முன் நிற்கிறார்கள்.

அதே ஆண்டு மே 6-ஆம் நாள் நாசி மாணவர் கூட்டம் பெர்லின் நிலையத்துள் புகுந்து சூறையாடியது. நான்கு நாள் கழித்து நகரின் ஓப்பரா சதுக்கத்தில் எரிந்த நூற்குவியலில் நிலையத்தின் நூலகமும் சேர்ந்தது. ஹிர்ஷ்ஃபெல்ட் அப்போது நாட்டில் இல்லை. உலகப்பயணத்தில் 1931-இல் இந்தியாவுக்கும் வந்து உரையாற்றியிருந்த அவர், பின் செருமனிக்குத் திரும்பவே இல்லை. தம் வாழ்நாள் உழைப்பு எரிந்ததை அவர் பார்த்தது பாரிசின் ஒரு திரையரங்கில், செய்திப்படத்தில். பிறரை விளக்கத் திரைப்படத்தைப் பயன்படுத்திய அறிஞர், தம் அழிவையும் திரையிலேயே கண்டார். 1935-இல் தம் அறுபத்தேழாம் பிறந்தநாளன்று நீஸ் நகரில் மறைந்தார்.

சாவு

லிலியின் சாவைத் திரைப்படம் எவ்வாறு காட்டிற்று? தோட்டத்தில், வெயிலில், கெர்டாவின் அருகிருப்பில், தாயின் மடியில் கிடக்கும் குழந்தையென உயிர் பிரிகிறது. பிறகு கெர்டாவும் ஹான்சும் வெய்லெயின் மலைமேட்டில் நிற்க, லிலியின் கழுத்துத்துணி காற்றில் பறக்கிறது. கண்ணீர் வருவிக்கும் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் லிலியின் இறுதியில் கெர்டா உடன் இல்லை. 1930 அக்டோபரில் டென்மார்க் மன்னரின் ஆணையால் அவர்கள் திருமணம் செல்லாததாக்கப்பட்டது. கெர்டா 1931-இல் இத்தாலிய அதிகாரி ஒருவரை மணந்து பின் மொராக்கோவில் வாழ்ந்தார்; அத்திருமணமும் 1936-இல் முறிய, 1940-இல் கோப்பன்ஹேகனை ஒட்டிய ஃபிரெட்ரிக்ஸ்பெர்கில் வறுமையில் மறைந்தார்.

கெர்டாவை அருகில் இருத்தியதனால் படம் இழந்தது வேறொன்று. லிலி தன் பெயரில் ஒரு புது வாழ்வைத் தொடங்கியிருந்தார். லிலி இல்சே எல்வெனெஸ் என்பதே சட்டப்படி அவர் பெற்ற பெயர். அப்பெயரில் கடவுச்சீட்டும் பெற்றார். எல்பெ என்பது, டிரெஸ்டன் வழியோடும் ஆற்றின் பெயரால், அவர் கதையை 1931-இல் டேனிய நாளிதழ் வெளியிட்டபோது வழக்குப் பெற்றது. பிரெஞ்சு நண்பர் ஒருவரை மணக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. மன்னர் கைச்சாத்திட்டார், அரசு பெயரை ஏற்றது, ஒரு நண்பர் மணமுடிக்க முன்வந்தார். இவையெல்லாம் வெற்றிகள். இருபதாம் நூற்றாண்டின் முப்பதாம் ஆண்டில் இவை நிகழ்ந்தன என்பதே வியப்பு. படத்தின் கவனம் இவற்றில் தங்கவில்லை.

நான்காம் அறுவை 1931 ஜூனில் நடந்தது. கருப்பை ஒன்றைப் பொருத்த முயன்றனர். தாயாக வேண்டும் என்ற விருப்பம் லிலிக்கு இருந்தது. பிறர் உறுப்பை உடல் மறுதலிப்பதைத் தடுக்கும் மருந்து அன்று இல்லை. நோய்த்தொற்றைக் கொல்லும் பெனிசிலின் பயன்பாட்டுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. செப்டம்பர் 13-ஆம் நாள் டிரெஸ்டனில் லிலி இறந்தார். பொருத்தப்பட்ட கருப்பையிலிருந்து முதற் குழந்தை ஸ்வீடனில் பிறந்தது 2014-இல். படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு. லிலியைக் கொன்றது அவருடைய இயல்பன்று, மருத்துவம் இன்னும் எட்டாத இடத்துக்கு அவர் முந்திச் சென்றதே. இவ்வேறுபாட்டைப் படம் தெளிவாக்கியிருக்கலாம். பெண்ணாக விழைந்தார், அதனால் இறந்தார் என்று எண்ணிக்கொண்டே திரையரங்கை விட்டுச் சென்றோர் பலர். திருநங்கை வேடத்தை ஆண் நடிகரே ஏற்றது குறித்த கண்டனமும் அன்றே எழுந்தது. அவ்வேடத்தை ஏற்றது தவறு என்று ரெட்மெய்னே 2021-இல் கூறினார்.

சாவில் முடிக்கும் வழக்கு திரைக்கு மட்டும் உரியதன்று. டோரா ரிக்டர் 1933-இல் நிலையம் தாக்கப்பட்டபோதோ, அதன்பின் சிறையிலோ இறந்திருப்பார் என்றே நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. சான்று ஏதும் இல்லை. எனினும் அம்முடிவு எவருக்கும் பொருந்தாததாகத் தோன்றவில்லை. அண்மை ஆண்டுகளில் ஊர்ப் பதிவேடுகளைத் தேடியோர் வேறு செய்தி கண்டனர். டோரா தப்பிப் பிறந்த நாட்டுக்குச் சென்றிருந்தார். 1934-இல் செக்கோஸ்லோவாக்கிய அரசு அவர் பெயர்மாற்றத்தை ஏற்றது. போருக்குப்பின் செருமானியர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது பவேரியாவின் அல்லெர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கு 1966 ஏப்ரலில், எழுபத்துநான்காம் வயதில் மறைந்தார். டோனி எபெலும் சார்லட் சார்லாக்கும் 1934-இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் தப்பினர். யூதரான சார்லட் 1942-இல் பிடிபட்டும், அமெரிக்கர் என்று காட்டியதால் உயிர்தப்பி நியூயார்க் சேர்ந்தார். அங்கு 1963 வரை வாழ்ந்தார். டோனி கிழக்குச் செருமனியில் ஓவியராக மதிக்கப்பட்டு 1961-இல் மறைந்தார். ஆஸ்திரியப் படத்தில் நின்ற மூவருமே இவ்வாறு முதுமை கண்டனர்.

டிரெஸ்டனின் டிரினிடாட்டிஸ் இடுகாட்டில் லிலி அடக்கம் செய்யப்பட்ட இடம் 1960-களில் சமப்படுத்தப்பட்டுவிட்டது. 2016 ஏப்ரலில் அங்குப் புதிய கல் நாட்டப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்தது 'த டேனிஷ் கேர்ள்' படத்தை வெளியிட்ட நிறுவனம்.